நாம் பேர் போடாத பெரட்டு

2018 அக்டோபரில் போர்ட்டிக்சன் இடைத்தேர்தல். கடற்கரைச் சாலை நெடுகச் சுவரொட்டிகள், ஏழு வேட்பாளர்கள். மே மாதப் பொதுத்தேர்தலில் அங்கே வென்றிருந்த டேனியல் பாலகோபால் அப்துல்லா, அன்வார் இப்ராஹிமுக்காக இடத்தைக் காலி செய்து கொடுத்திருந்தார். அவர் கடற்படையில் முதலாம் அட்மிரலாக இருந்து ஓய்வு பெற்றவர். களத்தில் நின்ற பாஸ் கட்சி வேட்பாளர் முகமட் நசாரி மொக்தாரும் ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல்தான். நம் நாட்டில் இப்படிப்பட்டவர்களின் பதவிப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு 'பி' போடுவார்கள். 'பெர்சாரா', ஓய்வு பெற்றவர் என்று பொருள். 1933இல் மலாய்ப் படைப்பிரிவு பிறந்த ஊர் போர்ட்டிக்சன். முகாம்களும் முகாம் வாக்குகளும் நிறைந்த தொகுதியில் அந்த ஓரெழுத்துக்கு எடை உண்டு.

அவ்விருவரின் சேவையிலும் எனக்கு ஐயமில்லை. நான் சொல்ல வந்தது எங்களைப் பற்றி.

அந்த நாள்களில் சிரம்பான் ஒட்டுக்கடை ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் தே தாரேக் குடித்தபடி வழக்கு நடத்தினோம். ஐந்து பேரும் ஒரே ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தில் வளர்ந்தவர்கள். இன்று ஒருவர் ஆசிரியர், ஒருவர் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை, மற்றவர்களும் ஏதோ ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள். படையில் இருந்தேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்பவர், தம் சேவைப் பதிவை ஊரறிய வெளியிட வேண்டுமா, வேண்டாமா? வெளியிட்டே ஆக வேண்டும் என்று நான் மேசையைத் தட்டிப் பேசினேன். சொத்துக் கணக்குக் கேட்கிறோம், படிப்புச் சான்றிதழ் கேட்கிறோம், இதை மட்டும் ஏன் கைதட்டி விட்டுவிட வேண்டும் என்றேன்.

பக்கத்து மேசையில் எங்கள் தோட்டத்துப் பழைய கிராணி பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

"அவுங்க பதிவு இருக்கட்டும் தம்பி. நம்ம லயத்துல பட்டாளத்தார்னு ஒருத்தரு இருந்தாரே, அவரு பேரு என்னா?"

ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பட்டாளத்தார் எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. காலையில் பால் மரம் வெட்டுவார். மாலையில் ஆயாக் கொட்டகைக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்க வைத்து "தேஸ் சல்!" என்று கத்துவார். நாங்கள் நடப்போம். "தம்!" என்பார். நிற்போம். அது என்ன மொழி என்று நாங்கள் கேட்டதில்லை. ஜப்பான் பாஷை என்று ஒருவன் சொன்னான், மற்றவர்கள் நம்பினோம். சுபாஷ் சந்திர போஸின் படையில் ஏவல் சொற்கள் இந்துஸ்தானியில் இருந்தன என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது. பட்டாளத்தார் போய்ப் பல ஆண்டு ஆகியிருந்தது.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் ஆள்கள் கூடி நிற்பதற்குப் பெரட்டு என்று பேர். தோட்டத்துக் கணக்கரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேர் போடுவார். பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. உடம்பு வந்து நின்றாலும் பேர் விழவில்லையென்றால் அந்த நாள் உலகத்திலேயே இல்லை. இந்தக் கணக்கைத் தாய்ப்பாலோடு கற்றவர்கள் நாம். அப்படியிருந்தும், நம் ஆள்கள் நின்ற மிகப் பெரிய பெரட்டில் நாம் பேர் போடவில்லை. இந்தக் கட்டுரை அதற்கான ஒப்புதல்.

நெகிரி செம்பிலான் தமிழர்களுக்கு இதில் தப்பிக்க வழியில்லை. போஸ் 1943 ஜூலை 2ஆம் நாள் சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போஸின் இந்திய தேசிய இராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். அந்தப் படையின் பயிற்சி முகாம்களில் ஒன்று நம் சிரம்பானில் இருந்தது. 1945 ஆகஸ்ட் இரண்டாம் வாரம் போஸ் சிரம்பானில்தான் தங்கியிருந்தார். ரஷ்யா போரில் இறங்கிய செய்தி அவருக்கு எட்டியது இங்கே. ஜப்பான் பணிகிறது என்ற செய்தியும் அவரைத் தேடி வந்தது இங்கேதான். இங்கிருந்து சிங்கப்பூர் திரும்பி, சில நாளில் விமானம் ஏறினார். ஆகஸ்ட் 18ஆம் நாள் தைப்பேயில் அந்தக் கதை முடிந்தது. இவ்வளவும் நமக்குத் தெரிகிறது என்றால், உடனிருந்த எஸ்.ஏ. ஐயர் எழுதி வைத்ததால் தெரிகிறது. போஸ் சிரம்பானை விட்டுக் கிளம்பிய பிறகு அந்த முகாமில் இருந்த பையன்கள் என்ன செய்தார்கள்? உடுப்பைக் கழற்றினார்களா, புதைத்தார்களா, எந்த வழியாக நடந்து தோட்டம் திரும்பினார்கள்? அவர்களோடு ஐயர் போகவில்லை. நாம் பக்கத்து வீட்டில் இருந்தோம். நாமும் எழுதவில்லை.

நம் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் குற்றம், தலைவர்களின் சேவையை எல்லாருடைய சேவைக்கும் ஈடாக வைத்துக்கொண்டது. நம் அரசியலே அந்தப் படையிலிருந்து எழுந்து வந்ததுதான். 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸான ம.இ.கா. தொடங்கியபோது முதல் தலைவரான ஜான் திவி, போஸின் இயக்கத்தில் இருந்ததற்காகப் போருக்குப் பின் சாங்கிச் சிறையில் கிடந்தவர். தொடக்ககால உறுப்பினரான ஜானகி ஆதி நாகப்பன், ஜான்சி ராணிப் படையில் அதிகாரியாக இருந்தவர். பிறகு நாடாளுமன்ற மேலவைக்குப் போனார், 2000ஆம் ஆண்டு இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றார். ராசம்மா பூபாலன் அதே படையிலிருந்து வந்து ஆசிரியைகளுக்குச் சங்கம் கட்டினார். அன்று தோட்டத்து மேடையில் 'நான் ஐ.என்.ஏ.' என்று சொன்னவரிடம் யாரும் காகிதம் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் அவரோடு நின்றவர்கள் கீழே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பொய் சொன்னால் பத்து வாய் திறந்திருக்கும். அந்தப் பத்துப் பேரும்தான் அந்தக் காலத்துப் பதிவேடு. அவர்கள் ஒவ்வொருவராகக் கண் மூடியபோது பதிவேட்டின் ஏடுகள் கிழிந்துகொண்டிருந்தன என்பது நமக்கு உறைக்கவில்லை.

பிறகு வந்த தலைமுறையில் பேச்சு மாறியது. 'என் தந்தையார் நேதாஜியின் படையில்', 'என் பாட்டனார் பர்மாப் போர்முனையில்' என்று மேடையில் ஒலிக்கத் தொடங்கியது. உண்மையாகவே இருந்தவர்களின் பிள்ளைகள் பலர் அதில் இருந்திருப்பார்கள். ஆனால் மெய்யையும் பொய்யையும் பிரித்துச் சொல்ல நம்மிடம் ஒரு கருவியும் இல்லை. ஆண்டுதோறும் நேதாஜி போஸின் பிறந்த நாளான ஜனவரி 23இல் மண்டபத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம், பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். அந்த மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் 'உங்கள் எண் என்ன, எந்த முகாம்' என்று கேட்க ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போனவர் நம்மில் இல்லை.

இரண்டாம் குற்றம், காகிதத்தை நாமே அழித்தது. காகிதம் எங்களிடம் ஏது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஏடு இருந்தது. செக்ரோல், ஆஸ்பத்திரிப் புத்தகம், தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவு, கோயில் வரிப் புத்தகம், சங்கச் சந்தா ரசீது. 1943இல் ஒருவன் பேர் செக்ரோலில் திடீரென்று நின்று 1945 இறுதியில் மறுபடி தொடங்கினால், இடையில் அவன் எங்கோ போயிருக்கிறான். சயாமுக்கா, பர்மாவுக்கா, காட்டுக்கா என்று தேட அது முதல் நூல்முனை. பழைய தோட்டங்கள் பலவற்றைத் துண்டாடியதில் ஏடுகள் சிதறின. மிஞ்சிய தோட்டங்களில் கித்தா என்ற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. செண்டாயானில் இன்று புதுநகரமும் விமானப்படைத் தளமும் நிற்கின்றன. சிரம்பானைச் சுற்றிப் பால்மரம் நின்ற இடமெல்லாம் இன்று வீட்டு வரிசை.

எங்கள் தோட்டம் கைமாறியபோது ஆபீசைக் காலி செய்தார்கள். பழுப்பேறிய புத்தகக் கட்டுகளை லாரியில் ஏற்றிக் குப்பைமேட்டில் கொட்ட ஆள் தேவைப்பட்டது. ஏற்றியவர்கள் நாங்கள்தான், ஆளுக்குப் பத்து வெள்ளி. ஒட்டுக்கடையில் இருந்த ஐவரில் மூவர் அந்த லாரியில் நின்றவர்கள். கட்டு ஒன்று அவிழ்ந்து தாள்கள் காற்றில் பறந்ததும், அதைப் பிடிக்க ஓடி விளையாடியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் யார் யார் பேர் இருந்தது என்பது நினைவில்லை. பார்த்திருந்தால்தானே.

பட்டாளத்தார் இறந்தபோதும் இதே கதை. அவர் மகள் தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய கட்டு ஒன்றை எங்கள் இளைஞர் மன்றத்துப் பையன்களிடம் நீட்டினார். "இந்தக் காயிதமெல்லாம் என்னான்னு தெரியல தம்பி, உங்களுக்கு வேணுமா?" அந்த வாரம் காற்பந்துப் போட்டி. இருக்கட்டும் அக்கா, பிறகு வந்து பார்க்கிறோம் என்றோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பாய், தலையணை, சட்டையோடு அந்தக் கட்டும் எரிந்தது. அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. படிக்கத் தெரியாதவர் படித்தவர்களிடம் கேட்டார். படித்தவர்கள் பந்து விளையாடப் போனோம்.

மூன்றாம் குற்றம் இன்னும் கசப்பானது. நமக்குப் பிடிக்காத உண்மையைத் துடைத்துவிட்டோம்.

நம் ஆள்கள் ஏன் படைக்குப் போனார்கள்? மேடையில் கேட்டால் நாட்டுப்பற்று. அது இருந்தது, மறுக்கவில்லை. தாலிக்கொடியையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்த பெண்கள் இருந்தார்கள். ஆனால் ஜப்பான் காலத்தில் தோட்டத்தில் கூலி நின்றது, அரிசி நின்றது, மரவள்ளிக்கிழங்கு மட்டும் மிஞ்சியது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து போன தொழிலாளர் எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். அந்த நேரத்தில் ஐ.என்.ஏ. உடுப்பு உடம்பில் இருந்தால் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள், ஒரு வேளைச் சோறும் உறுதி என்று போனவர்களும் உண்டு. ஒரே குடும்பத்தில் அண்ணன் ரயில் பாதைக்கும் தம்பி பட்டாளத்துக்கும் போனார்கள். தம்பிக்கு மாலை போட்டோம். அண்ணனைப் பேச்சில் சேர்க்கவில்லை, ஏனென்றால் அவர் கையில் துப்பாக்கி இல்லை, மண்வெட்டி இருந்தது.

பட்டாளத்தாரிடம் ஒருமுறை யாரோ கேட்டார்கள், ஏன் போனீர்கள் என்று. "பசி" என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் பேசவில்லை. வீரனிடமிருந்து நாம் எதிர்பார்த்த வசனம் அதுவல்ல. ஒரு மனிதன் தன் சேவையைப் பற்றி உண்மை சொன்னான், நாம் அந்த உண்மையை ஏற்கவில்லை. இன்று அரசியல்வாதி உண்மை சொல்லவில்லை என்று மேசையைத் தட்டுகிறோம்.

போருக்குப் பின் பிரிட்டிஷார் ஐ.என்.ஏ. ஆள்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். கறுப்பு என்றால் மனதார எதிர்த்தவன், வெள்ளை என்றால் விசுவாசம் மாறாதவன், சாம்பல் இடைப்பட்டவன். நாம் அதைத் தலைகீழாக்கிக் கறுப்பு எல்லாரையும் தியாகி ஆக்கினோம், சாம்பலை மறைத்தோம். தோட்டத்து மனிதர்களில் பெரும்பாலோர் சாம்பல்தான். பசி, அச்சம், மானம், போஸின் பேச்சு எல்லாம் கலந்துதான் அவர்கள் காலை நகர்த்தின. சாம்பலை எழுதத் தைரியம் வேண்டும். நாவலாசிரியர்களுக்கு அது இருந்தது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி ஐ.என்.ஏ.வைப் பற்றி 'இமையத் தியாகம்' எழுதினார். கதையைப் படித்து அழுதோம். அந்தக் கதையின் ஆள்கள் நம் லயத்திலேயே இருந்தபோது அவர்களிடம் போய் உட்காரவில்லை.

நான்காம் குற்றம், பெண்கள். ஜான்சி ராணிப் படையின் தலைவி கேப்டன் லட்சுமி தெரியும், ஜானகி தெரியும், ராசம்மா தெரியும். இவர்கள் படித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், நகரத்துக் குடும்பங்கள். ஆனால் ஜான்சி ராணிப் படையின் சாதாரண வரிசையில் நின்றவர்களில் நிறையப் பேர் தோட்டத்துப் பெண்கள். பால் மங்குத் துடைத்த கை துப்பாக்கி பிடித்தது. திரும்பி வந்த பிறகு 'பட்டாளத்துக்குப் போய் வந்தவள்' என்ற சொல்லை நம் லயத்தில் என்ன குரலில் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும். கல்யாணம் ஆக வேண்டுமே என்று பெற்றவர்கள் வாயை மூடச் சொன்னார்கள். மூடிய வாயோடே அவர்கள் பேரன் பேத்தி எடுத்தார்கள். ஜப்பானில் ஆய்வு செய்து வந்த அமெரிக்கப் பெண் ஜாய்ஸ் லெப்ரா 1971இலேயே ஐ.என்.ஏ. பற்றி நூல் எழுதினார், பிறகு ஜான்சி ராணிப் படை பற்றித் தனி நூலும் எழுதினார். வேரா ஹில்டிபிராண்ட் என்ற இன்னோர் ஆய்வாளர், உயிரோடிருந்த படைப்பெண்களைத் தேடித் தேடிப் பேட்டி கண்டு 2016இல் நூல் வெளியிட்டார். கடல் கடந்து வந்தவர்களுக்கு வழி தெரிந்தது. பக்கத்து லயத்துக்கு நமக்குத் தெரியவில்லை.

ஏடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1942 ஜனவரி 14ஆம் நாள், கெமென்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் மறைந்திருந்து, சைக்கிளில் வந்த ஜப்பானியரைத் தாக்கினார்கள். அந்த இடத்தில் நினைவுச் சின்னம் நிற்கிறது. அதில் பங்குகொண்ட ஆஸ்திரேலியர் ஒருவரின் பேரன் இன்று சிட்னியிலிருந்து தாத்தாவின் பேர், படை எண், சேர்ந்த நாள், விலகிய நாள் எல்லாவற்றையும் கணினியில் தேடி எடுத்துவிடலாம். போருக்குப் போன பத்து லட்சம் பேரின் பட்டியலை அந்த நாடு பொதுவில் வைத்திருக்கிறது. சயாம் ரயில்பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்கும் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் 6,900க்கும் மேற்பட்ட கற்கள், பேர் பொறித்தவை. அதே பாதையில் மாண்ட நம் ஆள்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. வெள்ளைக்காரன் பாரபட்சம் காட்டினான் என்று சொல்வோம். காட்டினான். சிங்கப்பூரில் போஸ் எழுப்பிய ஐ.என்.ஏ. நினைவுத் தூணை 1945 செப்டம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததும் அவன்தான். ஆனால் நாடு சுதந்திரம் பெற்ற 1957க்குப் பிறகும் நம் நோட்டுப் புத்தகத்தை யார் வெடிவைத்தார்கள்?

இப்போது ஒட்டுக்கடை வழக்குக்கு வருகிறேன். அரசியல்வாதி சேவைப் பதிவை வெளியிட வேண்டுமா?

என் முடிவு மாறவில்லை, ஆனால் முன்பு போல் மேசையைத் தட்டிச் சொல்ல முடியவில்லை. உலகத்தில் நடந்ததைப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் 2004 தேர்தலில் புஷ்ஷின் விமானக் காவல்படைச் சேவையும் ஜான் கெரியின் வியட்நாம் சேவையும் சந்திக்கு வந்தன. புஷ்ஷைப் பற்றிச் சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டிய தாள்கள் உண்மையானவை என்று அந்தத் தொலைக்காட்சியாலேயே நிறுவ முடியாமல் போனது. கெரி தம் முழுப் பதிவையும் திறந்துவிட்டது 2005இல், தோற்ற பிறகு. அரைகுறைத் தாள் வதந்திக்கு எண்ணெய். காலம் கடந்து வந்த முழுத் தாளால் பயனில்லை. இந்தியாவில் 2011இல் சமூகப் போராளி அண்ணா ஹசாரே பட்டாளத்தை விட்டு ஓடியவர் என்று பேச்சு கிளம்பியபோது, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒருவர் கேட்டார், இராணுவம் பதில் தந்தது. அவர் 1975இல் முறைப்படி விடைபெற்றவர், தண்டனை எதுவும் இல்லை என்று தெரிந்தது. பழி சொன்னவர் வருத்தம் தெரிவித்தார். அங்கே ஏடு ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றியது.

தாள் மட்டுமே போதும் என்று நினைப்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் இருக்கிறது. போலிச் சான்று காட்டித் தியாகி ஓய்வூதியம் வாங்கியவர்களின் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், நீதிபதி பால்கர் தலைமையில் ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று. தாள் பொய் சொல்லும். தாள் இல்லாதவன் உண்மை சொல்வான். இந்தியாவில் 1972 முதல் தியாகி ஓய்வூதியம் இருந்ததால், ஐ.என்.ஏ.வில் இருந்தவர்கள் தாளைத் தேடினார்கள், சிறையில் உடனிருந்தவரிடம் சான்று வாங்கினார்கள், ஒரு கோப்பு உருவானது. இங்கே நம் ஆள்களுக்குக் கேட்க ஓய்வூதியம் இல்லை, அதனால் தேடவும் ஆளில்லை. பணம் வந்தால்தான் பாட்டன் பேரைத் தேடுவோம் என்றால் அது நம்மைப் பற்றிய செய்தி.

ஆகவே என் தீர்ப்பு இவ்வளவுதான். படையில் இருந்ததைச் சொல்லி ஓட்டுக் கேட்பவர் ஐந்து விவரங்களை வெளியிட வேண்டும்: பெயர், சேர்ந்த ஆண்டும் விலகிய ஆண்டும், பிரிவு, பதவி, விலகிய விதம். மருத்துவக் குறிப்பும் குடும்ப விவரமும் அவருக்கே சொந்தம், அதைக் கேட்க நமக்கு உரிமையில்லை. போர் இரகசியமும் வேண்டாம். படையில் இல்லாதவர் இல்லை என்று சொன்னால் போதும், அது குறை ஆகாது. 2017இல் போலிப் பட்டம் சூட்டிக்கொள்வதைக் குற்றமாக்கி நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2019 ஜூலையில் எல்லா உறுப்பினர்களும் சொத்தை அறிவிக்க வேண்டும் என்று மக்களவை தீர்மானம் நிறைவேற்றியது. டத்தோ பட்டத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் கேள்வி கேட்கலாம் என்றால், மேடையில் முழங்கும் பட்டாளக் கதைக்கும் கேட்கலாம். 1967இல் 31 வயதில் நம் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். அவர் சேவையைப் பேச மேடை அலங்காரம் தேவைப்பட்டதில்லை, ஆண்டும் பதவியும் ஏட்டில் இருக்கின்றன. உண்மையாகச் சேவை செய்தவருக்கு ஏடு திறப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

ஆனால் இந்த விதியைப் பட்டாளத்தார் மேல் வைத்தால் என்ன ஆகும்? அவர் தேறமாட்டார். ஐந்தில் ஒன்றுக்கும் அவரிடம் தாள் இல்லை. அவருடைய தாளை நாம் எரிய விட்டோம், குப்பையில் கொட்டினோம். அரசு ஏட்டை வைத்திருக்கும் அட்மிரலுக்கும் ஏட்டை இழந்த தொழிலாளிக்கும் ஒரே தராசு வைப்பது நியாயம் ஆகாது. சம்பளம் வாங்கிய படைக்கு அரசு பொறுப்பு. சம்பளம் வாங்காத படைக்கு ஊர்தான் பொறுப்பு. ஊர் என்றால் நாம்.

அன்று ஒட்டுக்கடையில் கிராணி அய்யா எழுந்து போகும்போது சொன்னதை இன்னும் அசைபோடுகிறேன். "பெரட்டுக்கு வராதவனுக்குப் பேர் போட்டா அது திருட்டு. வந்து நின்னவனுக்குப் போடாம விட்டா அதுவும் திருட்டுதான். முதல் திருட்ட மட்டுந்தான் நீங்க கேக்குறீங்க."

அடுத்த ஞாயிறு ஐவரும் மறுபடி கூடினோம். அரசியல்வாதியிடம் கேட்ட அதே ஐந்து கட்டத்தை ஒரு தாளில் கோடு போட்டுப் பட்டாளத்தாருக்காக நிரப்பத் தொடங்கினோம். பெயர் என்ற இடத்தில் 'பட்டாளத்தார்' என்று எழுதி, பக்கத்தில் 'வழங்கிய பெயர்' என்று குறித்தோம். அவர் மகள் இப்போது பாகாவ் பக்கம் இருப்பதாகக் கேள்வி, போய்க் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பிரிவு: ஐ.என்.ஏ. சேர்ந்த ஆண்டு: காலியாக விட்டோம். பதவி என்று வந்ததும் ஒருவன் 'ஹவில்தார்' என்றான். எங்களை நடக்க வைத்தாரே, சாதாரண சிப்பாய்க்கு அப்படி அதட்டல் வருமா என்றான். சரியென்று எழுதினோம். இன்னொருவன் 'பர்மாப் போர்முனை' என்று சேர்க்கச் சொன்னான். அதையும் எழுதினோம். படிக்க நன்றாக இருந்தது.

தாளைக் கிராணி அய்யாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். மேலிருந்து கீழே படித்தார். "பர்மான்னு அவரு சொன்னாரா?"

இல்லை என்றோம்.

"ஹவில்தார்னு?"

இல்லை.

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், செக்ரோலில் தப்புப் பேரை அடிப்பது போல இரண்டு சொல்லையும் ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி வைத்தார். பிறகு கட்டங்களுக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டி, "அவரே சொன்னது ஒண்ணு இருக்கு, அத ஏன் விட்டீங்க?" என்று கேட்டார்.

புரியவில்லை. அவரே எழுதினார். 'சேர்ந்த காரணம்: பசி.'